வலப்பக்கத்துக் காஜா

கொடைக்கானல்
6 அக்டோபர் 2024

அன்புத் தங்கை மெர்லினுக்கு,

இயேசுவுக்கே புகழ். நான் இங்கே சுகம். அப்பாவுக்கு நைட் ஷிப்ட் முடிந்துவிட்டதா? அம்மாவின் மூட்டு வலி எப்படி இருக்கிறது?

வாரம் ஒரு பக்கமாவது இடது கையால் எழுதிப் பழக வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னது உனக்குத் தெரியும். யாருக்காவது எழுதினால்தான் எழுத வருகிறது. அதனால் உனக்கு எழுதுகிறேன். போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். நீ பக்கத்தில் நின்று மூச்சு விடுவது மட்டும்தான் எனக்குக் கேட்கிறது.

நீ பின்னிக் கொடுத்த ஸ்வெட்டரைத் திருப்பி அனுப்புகிறேன். தலை வழியாக மாட்டுகிற ஸ்வெட்டரை ஒற்றைக் கைக்காரன் எப்படிப் போடுவான் என்று நீ யோசிக்கவே இல்லை. நடுவில் முகம் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். இந்த விடுதியில் சமையல் செய்கிற தனகோட்டி அண்ணன்தான் தினமும் கீழே இழுத்துவிடுகிறார். அவர் நம்ம பக்கம், சேத்தியாத்தோப்பு. "இன்னா வாட்ச்மேனே, பால் குடிச்சிட்டியா? பவுடர் போட்டு உடட்டுமா?" என்று நேற்று எல்லோர் முன்னாலும் கேட்டார். கார் டிரைவர்கள் சிரித்தார்கள்.

முன்பக்கம் திறந்து, பட்டன் வைத்துக் கொடு. விடியும் முன்னே கேட்டைத் திறக்க வேண்டியிருக்கிறது. குளிர் எலும்பில் ஏறுகிறது. இல்லாத கையும் வலிக்கிறது. சீக்கிரம் அனுப்பு.

அண்ணன்,
ஜெபின்

*

நெய்வேலி
25 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இயேசுவுக்கே புகழ். உன் எழுத்து கோணலாக இல்லை. நாங்கள் மூவரும் சுகம். அப்பாவுக்கு இந்த வாரம் காலை ஷிப்ட். இங்கே மழை. பிளாக் முழுவதும் துணி காயாமல் வாடை அடிக்கிறது.

ஸ்வெட்டரைப் பிரித்து மறுபடி பின்னினால் குளிர் முடிந்துவிடும். அதனால் வெட்டினேன். முன்பக்கம் நடுவில் மெஷினில் நெருக்கமாக இரண்டு தையல் ஓட்டி, இரண்டுக்கும் நடுவே கத்தரியை வைத்தேன். அம்மா பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "ஏண்டி, பின்னுனத வெட்டறியே, அம்மாங் கண்ணியும் உருவிக்கினு வந்துடாதா?" என்றாள். வரவில்லை. வெட்டிய ஓரங்களில் புதிதாகக் கண்ணி எடுத்து இரண்டு பட்டி பின்னினேன்.

துணியில் போல இதில் காஜாவை வெட்டி எடுக்க முடியாது. பின்னும்போதே மூன்று கண்ணியை மூடிவிட்டு, அடுத்த வரிசையில் அதே இடத்தில் மூன்று கண்ணியைப் புதிதாக ஏற்ற வேண்டும். நடுவில் ஓட்டை நிற்கும். அதுதான் காஜா. அப்பா சட்டையைப் பார்த்து இடது பட்டியில் ஐந்து போட்டிருக்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். வடலூர் ரோட்டில் உனக்கு அடிபட்டபோது நான் பத்தாவது பரீட்சை எழுதவில்லை. வீட்டு வேலைக்கு ஆள் இல்லாமல் நின்றுவிட்டேன். நீ வேலைக்குப் போனதும் அப்பாவிடம் சொல்லி என்னை எழுத வைப்பதாகச் சொன்னாய். தனியாக எழுதுகிறவர்கள் விண்ணப்பிக்க டிசம்பர் கடைசி வரைதான் நேரம். அப்பாவிடம் எனக்குப் பேச வராது. வந்தாலும் அவர் கேட்க மாட்டார். நீ ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
மெர்லின்

*

கொடைக்கானல்
17 நவம்பர் 2024

மெர்லினுக்கு,

இயேசுவுக்கே புகழ். சுகம். எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன்.

ஸ்வெட்டர் வந்தது. பட்டன் போட முடியவில்லை. பட்டனைத் தள்ளினால் காஜா விலகிப் போகிறது. காஜாவைப் பிடித்தால் பட்டன் ஓடுகிறது. காஜாவும் தொளதொளவென்று இருக்கிறது. யாராவது போட்டுவிட்டாலும் குனிந்தால் கழன்றுவிடுகிறது. தனகோட்டி அண்ணன் தினமும் கேட்டுக்கு வந்து, "வா ராசா, நெஞ்ச நிமித்து, இஸ்கூலுக்கு நேரமாவுது" என்கிறார். அரை மணி நேரம் தனியாக மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் அவரிடம்தான் போய் நிற்கிறேன்.

உன்னிடம் கேட்டது ஒரே ஒரு வேலை. பத்தாவது கூட முடிக்காதவளிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது? ஸ்வெட்டரை அனுப்பியிருக்கிறேன். சரி செய்ய முடிந்தால் செய். இல்லையென்றால் சொல்லிவிடு.

ஜெபின்

*

நெய்வேலி
30 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இயேசுவுக்கே புகழ். எல்லோரும் சுகம். நீ எழுதியது சரிதான். நான் யோசிக்கவில்லை.

அம்மா கோயிலுக்குப் போயிருந்தபோது என் வலது கையைத் துப்பட்டாவால் முதுகோடு கட்டிக்கொண்டேன். அப்பா சட்டையைப் போட்டு இடது கையால் பட்டன் போட்டுப் பார்த்தேன். வரவில்லை. அழுகை வந்தது. நீ தினமும் இப்படித்தான் நிற்கிறாயா என்று நினைத்தேன். பிறகு அம்மாவின் ஸ்வெட்டரைப் போட்டுப் பார்த்தேன். இடது கைக்கு அது சுலபமாக வந்தது. ஆண்கள் உடுப்பில் காஜா இடது பக்கம், பட்டன் வலது பக்கம். வலது கைக்காகச் செய்தது அது. பெண்கள் உடுப்பில் எல்லாம் மாறி இருக்கிறது. உனக்கு அதுதான் சரி.

ஆனால் வலது பட்டியைக் காஜா இல்லாமல் பின்னி முடித்திருந்தேனே. அதனால் காஜா வர வேண்டிய இடத்தில் ஒரே ஒரு கண்ணியை வெட்டினேன். வெட்டிய நூலை இரண்டு பக்கமும் கொஞ்சம் உருவினேன். வாய் திறந்து நின்ற கண்ணிகளை ஊசியில் பிடித்து, ஒவ்வொன்றாக நூலால் கட்டினேன். ஒன்று நழுவினாலும் கீழே வரைக்கும் ஓடிவிடும். எதுவும் நழுவவில்லை. இந்த முறை இறுக்கமாக வைத்திருக்கிறேன். இடது பட்டியில் இருந்த பழைய காஜாக்களைத் தைத்து மூடி, அவற்றின் மேலேயே பட்டன் வைத்துவிட்டேன்.

வலது பக்கம் காஜா இருப்பதை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

அப்பாவிடம் சொன்னாயா? நீ அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. வேலையில் மறந்திருப்பாய்.

உன் தங்கை,
மெர்லின்

*

கொடைக்கானல்
19 ஜனவரி 2025

அன்புத் தங்கை மெர்லினுக்கு,

இயேசுவுக்கே புகழ். கிறிஸ்துமஸுக்கு லீவு தரவில்லை. பொங்கலுக்கும் தரவில்லை. அம்மா கோபமாக இருப்பாள்.

பட்டன் போட்டேன். ஐந்தையும் நானே போட்டேன். கழற்றிவிட்டு மறுபடியும் போட்டேன். அதை இங்கே யாரிடமும் சொல்லவில்லை.

யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று எழுதியிருந்தாய். தனகோட்டி அண்ணன் இரண்டாம் நாளே பார்த்துவிட்டார். "இன்னாடா இது, காஜா பொம்பள பக்கத்துல இருக்குது? கையோட சேத்து வேற எதனா போயிடுச்சா?" என்றார். அன்றிலிருந்து டிரைவர்கள் என்னை அக்கா என்று கூப்பிடுகிறார்கள். மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

குறிஞ்சிப்பாடியிலிருந்து ஒரு குடும்பம் லீவுக்கு இங்கே வந்து தங்கியது. நம் மதம்தான். அவர்கள் வீட்டுப் பையன் பிரவீன்குமார் நன்றாகப் பழகினார். நெல் வியாபாரம். அவருடைய தங்கை அன்னாளும் வந்திருந்தாள். நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தபோது, தொங்குகிற சட்டைக் கையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்து வாங்கிக்கொண்டாள்.

பிரவீன்குமாருக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னிக் கொடு. மார்பளவு நாற்பது. நீல நிறம். காஜா ஆண்கள் பக்கம் இருக்கட்டும், ஒழுங்காக. நீ கேட்ட விஷயத்தை நான் மறக்கவில்லை. உனக்கு நல்லது செய்யத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணன்,
ஜெபின்

*

நெய்வேலி
9 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இயேசுவுக்கே புகழ். எல்லோரும் சுகம். உன்னை அக்கா என்று கூப்பிடுகிறவர்களுக்கு அவர்கள் அம்மா போட்டுவிட்ட பட்டன்தான் இருக்கும். நீ துண்டை எடுத்துவிடு.

விண்ணப்பத்துக்கு நாள் முடிந்துவிட்டது. பரவாயில்லை. அடுத்து ஜூன், ஜூலையில் ஒரு தேர்வு வைக்கிறார்களாம். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

நீல நூல் மெயின் பஜாரில் கிடைத்தது. முதுகும் ஒரு கையும் முடிந்தன. உன் நண்பர் என்பதால் நன்றாக வர வேண்டும் என்று இரண்டு முறை பிரித்துப் பின்னினேன். இதில் காஜாவைப் பின்னும்போதே வைத்துவிடுவேன், வெட்ட வேண்டிய வேலை இல்லை.

உன் கடிதத்தில் எல்லா எழுத்தும் கோணலாக இருக்கிறது. அன்னாள் என்ற பெயர் மட்டும் நேராக இருக்கிறது. அம்மாவிடம் காட்டவில்லை.

உன் தங்கை,
மெர்லின்

*

கொடைக்கானல்
9 மார்ச் 2025

என் செல்லத் தங்கை மெர்லினுக்கு,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க. நான் நல்ல சுகம். நீ சுகமா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? மெலிந்துவிட்டாய் என்று அம்மா சொன்னாள். முட்டை சாப்பிடு.

ஸ்வெட்டர் போய்ச் சேர்ந்தது. பிரவீன்குமாருக்கு அளவெடுத்தது போல இருக்கிறதாம். அவர்கள் வீட்டில் எல்லோரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்களாம். உன்னைப் போலக் கைவேலை தெரிந்த, அடக்கமான பெண் இந்தக் காலத்தில் கிடைப்பதில்லை என்று அவருடைய அம்மா போனில் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது.

உன் ஞானஸ்நானச் சான்றிதழை அம்மா கேட்பாள். பீரோவில் இருக்கும். எடுத்துக் கொடு. எதற்கு என்று இப்போது கேட்காதே. நல்ல விஷயம்தான். அப்பாவிடம் எல்லாம் பேசிவிட்டேன்.

உன் அன்பு அண்ணன்,
ஜெபின்

*

நெய்வேலி
23 மார்ச் 2025

என் அன்பு அண்ணனுக்கு,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

அப்பாவிடம் பேசிவிட்டாயா! நீ கேட்காதே என்றாலும் எனக்குத் தெரியும். விண்ணப்பத்தோடு பிறந்த தேதிக்கு அத்தாட்சி வைக்க வேண்டும். அதற்குத்தானே ஞானஸ்நானச் சான்றிதழ்? அம்மா கேட்பதற்கு முன்பே எடுத்துக் கொடுத்துவிட்டேன். அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "இவ்ளோ ஆசையா உனக்கு? வாயத் தொறந்து சொல்லியிருந்தா போன வருஷமே முடிச்சிருக்கலாமே" என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பரண் மேலிருந்து கணக்குப் புத்தகத்தை இறக்கிவிட்டேன். உனக்கும் ஒரு நீல ஸ்வெட்டர் பின்னப் போகிறேன். நீ சொன்னதைச் செய்துவிட்டாய். நான் உன்னைச் சந்தேகப்பட்டேன். மன்னித்துவிடு.

உன் தங்கை,
மெர்லின்

*

நெய்வேலி
27 ஏப்ரல் 2025

அண்ணனுக்கு,

இயேசுவுக்கே புகழ். அப்பா அம்மா சுகம்.

ஈஸ்டர் முடிந்த வாரம் குறிஞ்சிப்பாடியிலிருந்து அன்னாளின் அம்மா வந்தார்கள். உன் கல்யாண விஷயம் என்று நினைத்து சந்தோஷமாக டீ போட்டேன். நான் கொண்டுபோய்க் கொடுத்தபோது என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

"பொண்ணு பேசுமாங்க?" என்று கேட்டார்கள்.

"அது எங்க பேசுது? நாலு பேரக் கண்டா வாயே தொறக்காது" என்று அம்மா சொன்னாள்.

"அதாங்க எங்களுக்கு வேணும். பிரவீனுக்கு மொதல்ல வந்தவ வாய்க்காரி. ஒண்ணு சொன்னா ஒம்போது சொல்லுவா. எம்புள்ள ரெண்டு அடி அடிச்சான்னு ராங்கியா போயி கெணத்துல வுழுந்துட்டா. ஊரெல்லாம் எங்களயே பேசிக்கினு இருந்துது." இதைச் சொல்லிவிட்டு டீயில் சர்க்கரை கம்மி என்றார்கள். நான் போய் எடுத்து வந்தேன்.

"உங்க பொண்ணு பின்னுன சொட்டர அவன் கயட்டவே மாட்டேங்கறான். முப்பத்தாறு வயசு ஒரு வயசா? எங்க அன்னாள உங்க வூட்டுக்கு, உங்க மெர்லின எங்க வூட்டுக்கு. பொண்ணு குடுத்து பொண்ணு எடுக்கறோம். இல்லன்னா ஒத்தக் கைப் புள்ளைக்கு எவங்க குடுப்பான்?"

அப்பா டிவியைப் பார்த்துக்கொண்டே, "ஜூன்ல பதினெட்டு முடியுது" என்றார். அவ்வளவுதான்.

அந்தச் சான்றிதழ், கோயிலில் கல்யாணத்தைப் பதிந்து ஓலை எழுதுவதற்கு என்று அப்போதுதான் தெரிந்தது. அம்மா ஏன் என்னை அப்படிப் பார்த்தாள் என்பதும்.

அண்ணா, அந்த ஸ்வெட்டர் யாருக்கு, எதற்கு என்று தெரிந்துதான் என்னைப் பின்னச் சொன்னாயா? அவர் மனைவி கிணற்றில் விழுந்தது உனக்குத் தெரியுமா? ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தை எழுது. அது போதும்.

மெர்லின்

*

கொடைக்கானல்
22 ஜூன் 2025

அன்புத் தங்கை மெர்லினுக்கு,

இயேசுவுக்கே புகழ். உனக்குப் பிறந்தநாள் வாழ்த்து. இங்கே சீசன் நேரம், கேட்டை விட்டு நகர முடியவில்லை. அதனால்தான் எழுதவில்லை.

பிரவீன்குமார் கெட்டவர் இல்லை. கோபக்காரர், அவ்வளவுதான். எதிர்த்துப் பேசினால்தான் கோபம் வரும். நீ எதிர்த்துப் பேசுகிறவளா? உன் குணத்துக்கு எந்த வீடாக இருந்தாலும் ஒன்றுதான். இங்கே மூலையில் உட்கார்ந்து பின்னுகிறாய், அங்கேயும் மூலையில் உட்கார்ந்து பின்னப் போகிறாய். அப்பா அடுத்த வருடம் ரிட்டயர் ஆகிறார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அதற்குப் பிறகு உன்னை யார் வைத்துக்கொள்வார்கள்? நானா? எனக்குக் குளிப்பாட்டிவிடவே ஆள் தேவைப்பட்டது.

நீ எனக்காகப் பள்ளிக்கூடத்தை விட்டாய். அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. அந்த நன்றி எனக்கு இருக்கிறது. இதையும் அதேபோலச் செய். அன்னாளைப் போல இன்னொருத்தி என்னைப் பார்க்க மாட்டாள்.

ஜூலை முதல் சனிக்கிழமை நம் கோயிலில் ஓலை எழுதுகிறார்கள். எனக்கு அன்று லீவு இல்லை, என் கையெழுத்தைப் பிறகு வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்கள். அடுத்த மூன்று ஞாயிறும் பூசையில் இரண்டு கல்யாணத்தையும் அறிவிப்பார்கள். எழுதும்போது சாமியார் உன்னிடம் சம்மதமா என்று கேட்பார். நீ பேச வேண்டாம். தலையை ஆட்டினால் போதும். அம்மா பக்கத்தில் இருப்பாள்.

அண்ணன்,
ஜெபின்

*

கொடைக்கானல்
9 ஜூலை 2025

மெர்லின்,

அம்மா போனில் அழுதாள். சாமியார், "சம்மதமாம்மா?" என்றாராம். அம்மா, "வெக்கம் சாமி, எழுதிக்குங்க" என்றாளாம். சாமியார் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "பொண்ணு சொல்லட்டும்" என்றாராம். நீ சொன்னாயாம், "சம்மதம் இல்ல சாமி. என்ன யாரும் கேக்கல." வெளியே செருப்பு விட்ட இடத்தில் நின்றவர்களுக்கும் கேட்டதாமே. பதினெட்டு வருடம் எங்கே வைத்திருந்தாய் இந்தக் குரலை? பால்காரனிடம் பேச மாட்டாய். கடையில் சில்லறை குறைந்தால் கேட்க மாட்டாய். என் கல்யாணத்தில்தான் உனக்குப் பேச வந்ததா?

அன்னாளின் அம்மா அங்கேயே எழுந்து, "அப்ப எங்க பொண்ணும் இல்லங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். அவர்கள் வீட்டில் யாரும் இப்போது என் போனை எடுப்பதில்லை. அன்னாளுக்கு என்னைப் பிடித்திருந்ததா என்றுகூட இனி எனக்குத் தெரியப் போவதில்லை.

லாரி ஒரு கையைத்தான் எடுத்தது. மிச்சத்தை நீ எடுத்தாய்.

ஸ்வெட்டரைத் தனகோட்டி அண்ணனின் அடுப்பில் போட்டுவிட்டேன். இனி எனக்கு எழுதாதே.

ஜெபின்

*

நெய்வேலி
14 செப்டம்பர் 2025

அண்ணனுக்கு,

இயேசுவுக்கே புகழ். எழுதாதே என்றாய். இது ஒன்றுதான், இதற்குப் பிறகு எழுத மாட்டேன்.

அப்பா அம்மா சுகம். இரண்டு பேரும் என்னோடு பேசுவதில்லை. சோற்றைப் போட்டு வைத்தால் சாப்பிடுகிறார்கள். பரீட்சை விஷயத்தை அப்பாவிடம் நானே சொன்னேன். தட்டிலிருந்து தலை நிமிரவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நீ எழுதிய கடைசிக் கடிதத்தைப் பல முறை படித்தேன். என் பதிலில் இரண்டு கல்யாணமும் நிற்கும் என்று தெரிந்துதான் சொன்னேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று நீ நினைத்துவிடக் கூடாது. உன் முகம் நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகும்தான் சொன்னேன்.

போன வாரம் வடலூர் பஸ் நிலையத்தில் ஒரு பெண் என் பக்கத்தில் வந்து நின்று, "போட்டோவுல பாத்திருக்கேன். நீதான மெர்லினு?" என்று கேட்டாள்.

"ஆமாங்கக்கா."

"ஐய, பேசறியே! ஊமைன்னுல்ல எங்க அம்மா சொல்லிக்கினு இருந்தாங்க" என்று சிரித்தாள். அன்னாள்தான். நல்ல சிரிப்பு அவளுக்கு. பிறகு, "எங்க அண்ணிய நெனச்சா இன்னும் எனக்குத் தூக்கம் வராது. நீ வராதது நல்லதுதான்" என்றாள்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, "எங்க அண்ணன உங்களுக்குப் புடிச்சிருந்துதாக்கா?" என்று கேட்டேன்.

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "இத எங்க வூட்ல ஒருத்தரும் என்னக் கேக்கல. உங்க அண்ணன் எங்க அண்ணன்கிட்ட பேசினாரு, எங்க அம்மாகிட்ட பேசினாரு. என்கிட்ட வந்து ஒரு வார்த்த கேட்டாரா?" என்றாள்.

குறிஞ்சிப்பாடி பஸ் வந்துவிட்டது. படியில் ஏறிய பிறகு திரும்பி என்னிடம் அதற்குப் பதில் சொன்னாள். ஒரே ஒரு வரி. "உங்க அண்ணன்கிட்ட சொல்லிடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அந்த வரி எனக்கு மனப்பாடமாக இருக்கிறது. தூங்கும்போதும் காதில் கேட்கிறது. இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததிலிருந்து அதை எழுதலாமா என்று யோசித்தேன். நல்லதா கெட்டதா என்று மட்டுமாவது சொல்லலாமா என்றும் யோசித்தேன். ஏப்ரலில் நான் உன்னிடம் கேட்ட ஒரு வார்த்தை இன்னும் வரவில்லை.

எழுதவில்லை.

அங்கே மழை ஆரம்பித்திருக்கும். காதுக்குத் துணி கட்டிக்கொள். உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை,
மெர்லின்